பத்து மூச்சு நேரம்

அன்பான சகோதர சகோதரிகளே, நம் பங்குக் கோயிலில் என் முகம் தெரியாதவர்களுக்குக்கூட என் குரல் தெரியும். அன்பிய ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தால் நான் ஜெபிப்பது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரரே கிண்டல் பண்ணுவார். அம்புட்டுப் பெரிய குரலை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைக் காட்டில் தொலைத்துவிட்டு நின்றவள் நான். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், செலின். வீட்டில் கூப்பிடுவது பாப்பு. அவள் நர்ஸ் ஆக வேண்டும் என்பது என் ஆசை. அவளிடம் கேட்கவில்லை, ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கச் சேர்த்துவிட்டேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "எம்மக நர்சு" என்று முதல் மாதமே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஒரு வருஷம் முடிவதற்குள் அவள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "என்னால ஏலலம்மா" என்றாள்.

அன்றைக்கு என் நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "நீயா எனக்குப் பொறந்த? இனிமே இந்த வாயால உம்பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டேன்."

சொன்னதைச் செய்தேன். எட்டு மாதம். ஒரே வீடு, ஒரே அடுப்படி. "உங்க மகளச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்று அவரிடம் சொல்வேன். பாவம், பக்கத்து அறைக்குத் தூது போவதே அவருக்கு வேலையாகிவிட்டது. அவள் சில நேரம் வந்து நின்று "அம்மா" என்று ஆரம்பிப்பாள். நான் தையல் மிஷினை வேகமாக மிதிப்பேன். அந்தச் சத்தத்தில் அவள் பேச்சு நின்றுவிடும். சாயங்காலமானால் மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் புத்தியக் கொடும்" என்று உரக்க ஜெபிப்பேன். ஆண்டவருக்குக் கேட்க வேண்டும் என்பதைவிட அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நம் பங்கு இளைஞர்கள் மூன்று நாள் நடைப்பயணம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பழனிமலைத் தொடரின் கீழ்ப்பகுதியில், மலைவாழ் மக்கள் இருக்கிற ஊர்களுக்குப் போர்வையும் மருந்தும் சுமந்துகொண்டு காட்டு வழியாக நடப்பது. பெண் பிள்ளைகளுக்குத் துணையாக நான் போனேன். செலினும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்பது பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். மொத்தம் பதினான்கு பேர். வத்தலக்குண்டு தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி ஏறினோம். காலெல்லாம் அட்டைக் கடி. முதல் நாள் ஒரு மலை ஊரில் தங்கினோம். அவித்த கிழங்கும் கடுங்காப்பியும் கொடுத்தார்கள். நான் ஒரு மூலையில் சாப்பிட்டேன், அவள் ஒரு மூலையில் சாப்பிட்டாள்.

மறுநாள் வழிகாட்ட அந்த ஊர்க்காரப் பெண் வெள்ளையம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவள். கிளம்பும் முன் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "காட்டுக்குள்ள யாராச்சும் பிரிஞ்சிட்டா, ஒருத்தர்தான் கூப்பிடணும். கூப்பிட்டுட்டுப் பத்து மூச்சு சும்மா இருக்கணும். அப்புறந்தான் மறுபடி கூப்பிடணும்."

பூசை முடிந்து வாசிக்கிற அறிவிப்புக்குத் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினோம்.

மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. முன்னால் போகிறவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் சரிவு. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த செலின் ஒதுங்கி நின்றாள். செருப்பு வார் அறுந்திருந்தது. "அம்மா, செத்த நில்லும்மா, கால் வழுக்குது" என்றாள். எட்டு மாதத்துப் பழக்கம். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போனேன். கடைசி ஆள் நான்தான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஓடை வந்ததும் தலை எண்ணினோம். பதிமூன்று.

அதற்குப் பிறகு நடந்தது கூத்து. ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் விசில் அடித்தார். பிள்ளைகள் அழுதுகொண்டே "செலின்! செலின்!" என்று நாலா பக்கமும் கூவினார்கள். நானும் சேற்றில் முழங்கால் போட்டு, கைகளை விரித்து, "இயேசுவே, இரங்கும்" என்று அலறினேன். போனில் சிக்னல் இல்லை. காலையில் இந்தப் பாதையில்தான் யானைச் சாணம் பார்த்தோம், ஈரம் காயாமல். இரண்டு பேர் ஊருக்கு ஆள் கூட்டிவர ஓடினார்கள். மணி மூன்றைத் தாண்டியது, நாலாகப் போனது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இருட்டிவிடும்.

அந்த நேரத்தில் எனக்குள் எல்லாம் அற்றுப்போனது. மறைக்காமல் சொல்கிறேன். அவள் பையை மட்டும் தூக்கிக்கொண்டு நான் திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்குவதை மனக்கண்ணில் பார்த்தேன். அவள் அப்பா கதவைத் திறப்பதைப் பார்த்தேன். "நில்லும்மா" என்று கேட்ட பிள்ளைக்கு நான் கடைசியாகக் கொடுத்தது என் முதுகு. ஆண்டவர் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருஷமாக ஜெபக் கூட்டம் நடத்துகிறவளுக்கு ஒரு வார்த்தை மிச்சமில்லை. அலறி அலறித் தொண்டை அடைத்துவிட்டது. உள்ளே ஒரே வெறுமை. சாக வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பாதையில் பின்னோக்கித் தேடிப் போயிருந்த வெள்ளையம்மா திரும்பி வந்தாள். வந்ததும் எங்கள் மேல் எரிந்து விழுந்தாள்.

"வாய மூடுங்க எல்லாரும்! அம்புட்டுப் பேரும் கத்துனா அந்தப் புள்ள சத்தம் யாருக்குக் கேக்கும்?"

எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்த வழியே கொஞ்ச தூரம் போனாள். ஒரு வளைவில் நிறுத்தினாள். "தாயி, நீதான பெத்தவ? நீ மட்டும் கூப்பிடு."

வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. எட்டு மாதம் அடைத்து வைத்த பேர், அந்த நேரத்திலும் வரவில்லை. வெள்ளையம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போதுதான் ஜெபித்தேன். என் வாழ்நாளிலேயே சத்தமில்லாத ஜெபம் அது ஒன்றுதான். 'ஆண்டவரே, அவ பேர என் வாயில திருப்பிக் கொடும்.' அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

"பாப்பூ..."

வெள்ளையம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு அழுத்து அழுத்தினாள். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பத்தும் முடிந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அஞ்சு மூச்சு, ஆறு. என்னால் தாங்க முடியவில்லை, வாயெடுத்தேன். "இன்னும் ஆகல தாயி" என்று கையை இறுக்கினாள். ஏழு. எட்டு.

"அம்மா..."

கீழே, இடது பக்கத்திலிருந்து. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெலிசாக.

நான் இரண்டு முறை அவளைத் தாண்டி நடந்திருக்கிறேன்: செருப்பு அறுந்து நின்றபோது ஒரு தடவை, அந்த வளைவுக்குத் திரும்பி வரும்போது ஒரு தடவை. பாதையிலிருந்து ஐந்தாறு ஆள் ஆழத்தில், புதருக்குள், பாறை இடுக்கில் கால் மாட்டிக் கிடந்தாள். கணுக்கால் முறிந்திருந்தது. வெள்ளையம்மாவும் இரண்டு பையன்களும் கயிறு கட்டி இறங்கினார்கள். யாருக்கோ கொடுக்கக் கொண்டுபோன போர்வையில் அவளைப் போட்டு மேலே ஏற்றினார்கள். மலை ஊரிலிருந்து வந்த ஆட்கள் கம்பில் கட்டித் தோள் மாற்றித் தோள் மாற்றி ரோடு வரைக்கும் சுமந்தார்கள். அவர்கள் கையில்தான் அன்றைக்கு ஆண்டவரைக் கண்டேன்.

ஜீப்பில் அவள் தலை என் மடியில் இருந்தது. அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"நான் மொதல்லேர்ந்தே பதில் சொல்லிக்கிட்டேதாம்மா இருந்தேன். உனக்குத்தாம்மா கேக்கல."

காட்டைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். "ஏலலம்மா" என்று ஆரம்பிப்பாள். நான் விட மாட்டேன். "இரு, ஜெபம் பண்ணுவோம்" என்று கால் மணி நேரம் போனிலேயே முழங்கிவிட்டு, ஆமென் சொல்லிக் கட் பண்ணிவிடுவேன். என்ன ஏலவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பிளேட் வைத்தார்கள். அதற்கு மறுநாள் அதைக் கேட்டேன். பயிற்சிக்குப் போன வார்டில் ஒரு சின்னப் பிள்ளை அவள் கையிலேயே இறந்திருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மணி நேரம் சொன்னாள். நான் குறுக்கே ஜெபிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

குளிர் அடித்தால் அவளுக்கு இன்னும் நொண்டல் இருக்கிறது. உள்ளூரிலேயே பி.காம் சேர்ந்திருக்கிறாள். எனக்குக் கோபமும் ஒன்றும் குறைந்துவிடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இப்போதெல்லாம் அன்பியத்தில் "ஜெசிந்தாக்கா, தொண்ட சரியில்லையா?" என்று கேட்கிறார்கள்.

என் ஆண்டவருக்கு நன்றி. நான் கேட்காதிருந்த காலத்திலும் அவர் பதில் சொல்வதை நிறுத்தவில்லை. உங்களில் யாராவது, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், அங்கே ஆளே இல்லை என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? நானும் அந்தச் சேற்றில் உட்கார்ந்தவள்தான். இன்னும் ஒரு தடவை கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுப் பத்து மூச்சு சும்மா இருங்கள்.

நேற்று அவசரத் துணி ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து "அம்மா" என்றாள். மிதியிலிருந்து காலை எடுத்தேன். சக்கரம் சுற்றி நிற்கக் கொஞ்சம் நேரமாகும். நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது.

"சொல்லு பாப்பு" என்றேன்.