குழாய்க்காரர் வீட்டு இரண்டாவது பாத்ரூம்

குழாய் ரிப்பேர் செய்கிறவருக்கு ஆபீஸ் எதற்கு? அந்த நாளில் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். டாக்டருக்கு ஆபீஸ் வேண்டும், வக்கீலுக்கு வேண்டும். சுவரை உடைத்து, சாக்கடைக்குள் தோள்வரை கையை விட்டு, சொட்டச் சொட்ட வீடு திரும்புகிற மனிதருக்கு மேசை நாற்காலி போட்டுக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இதற்குப் பதில் கண்டுபிடித்தவர் அந்தக் குழாய்க்காரரின் மனைவி. தெருவில் அவருக்கு ரேடியோ அக்கா என்று பெயர். ஆன் செய்ய மட்டும்தான் பட்டன், ஆஃப் செய்யக் கிடையாது என்பதால் வந்த பெயர். குழாய்க்காரர் இதற்கு நேர்மாறு. வீட்டில் பேசுவதற்கு இடம் கிடைக்காமல் பேச்சையே மறந்துவிட்டவர் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள்.

அக்காவுக்கு ஓர் அண்ணன். பெரிய காண்ட்ராக்டர். கல்யாணமானதிலிருந்து குழாய்க்காரர் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். அதனால் அண்ணன் தங்கை வீட்டுக்கும் தானே மேனேஜர் என்று நினைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்ததும் போன் வரும். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை என்பதையும் அவர்தான் சொல்வார். ஒருநாள் அவர் அக்காவின் சமையலறைக்குள் நுழைந்து, டப்பாக்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டார்: "அண்ணே, இனிமே இவர் உன்கிட்ட வேலைக்கு வரமாட்டார். நாங்க தனியா பாத்துக்கறோம்."

"யாரு, மாப்பிள்ளையா? தனியாவா?" அண்ணன் சிரித்த சிரிப்பில் டப்பாக்கள் ஆடின. "கருவிப் பையோட என் வாசல்ல வந்து நிப்பார், நீ வேணா பாரு."

குழாய்க்காரர் அங்கேதான் நின்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது என்று அக்கா பிறகு சொன்னார்.

வேலைக்குக் குறைவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. சிக்கல் என்னவென்றால், குழாய்க்காரர் எல்லா முகவரியையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். எழுதுவது கையில், கை இருப்பதோ தண்ணீரில். காலையில் எழுதிய வீடு மதியத்துக்குள் எங்கேயாவது ஒரு சாக்கடையோடு போய்விடும்.

இப்படித்தான் ஒருநாள் உள்ளங்கையில் ஏழு என்ற எண் மட்டும் மிஞ்சியது. தெரு கரைந்துவிட்டது. அவர் ஒரு தெருவை ஊகித்து, ஏழாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே குடியிருந்தவர் பாத்ரூமைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் பல மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவர். கருவிப் பையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துட்டீங்களா!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார். இதற்குமேல் முகவரியைச் சந்தேகப்பட யாருக்குத்தான் மனம் வரும்? குழாய்க்காரர் சுத்தியலை எடுத்தார். சுவர் பாதி திறந்தது. உள்ளே குழாய் பிறந்த குழந்தை மாதிரி சுகமாக இருந்தது. கசிவு எங்கே என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"என்னங்க, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? எங்க இருக்கீங்க?"

"உங்க பாத்ரூம்லதாம்மா இருக்கேன்."

"என் பாத்ரூம்ல நான்தான்யா இருக்கேன்!"

இந்த உரையாடல் ஊர் முழுக்கப் பரவியது. அண்ணன் காதுக்குப் போனதும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். சிரித்துச் சிரித்து முடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டென்று குரலை மாற்றினார்.

"போதும் குட்டி. விளையாட்டெல்லாம் முடிஞ்சுது. மாப்பிள்ளையை அனுப்பி வை."

"ஒரு தப்பு யாருக்கும் வரும் அண்ணே."

"அப்ப இன்னொரு தடவை தப்பான வீட்டுக்குப் போனா?"

"போனா உன்கிட்டயே வரோம். போதுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது. இன்னொரு தப்பு வீடு, அவ்வளவுதான். பிறகு திரை நிறம், டப்பா வரிசை, சாப்பாட்டு நேரத்துப் போன் எல்லாம் ஆயுள் முழுக்கத் திரும்பிவிடும். குழாய்க்காரர் தன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தார்.

அக்கா முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். ஹாலில் ஒரு மேசை போட்டார். சக்கரம் வைத்த நாற்காலி, டைரி, பேனா வைக்க ஒரு கப், ஃபைல் என்று பார்க்க லட்சணமாகவே இருந்தது. மூன்றே நாளில் அந்த நாற்காலி, மடிக்க வேண்டிய துணிகளின் சொத்தாகிவிட்டது. குழாய்க்காரர் நனைந்த உடம்போடு அதில் உட்காரக் கூச்சப்பட்டு நின்றபடியே டைரியில் எழுதுவார். முழங்கையிலிருந்து தண்ணீர் தாளின்மேல் சொட்டும். மை பரவி, எல்லா வாடிக்கையாளரும் ஒரே நீலக் குட்டைக்குள் மூழ்கிப்போவார்கள். ஹாலில் டிவி வேறு ஓடும். ஒரு தடவை போனில் பேசிய அம்மாவின் முகவரியும் டிவி செய்தியில் வந்த ஊரும் கலந்து, குழாய்க்காரர் ஏறக்குறைய பஸ் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் பார்த்தால் மனிதர் பழையபடி உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"இவருக்கு மேசையும் ஆகாது, பேப்பரும் ஆகாது. பின்ன என்னதான் ஆகும்?" என்று அக்கா போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

அந்த வீட்டில் இரண்டாவதாக ஒரு பாத்ரூம் உண்டு. வீடு கட்டும்போது தரையிலிருந்து கூரைவரை வெள்ளை டைல்ஸ் ஒட்டி, வாஷ்பேசின், கம்மோடு எல்லாம் வைத்தாகிவிட்டது. தண்ணீர்க் குழாய் இணைப்பு மட்டும் பாக்கி. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவருகிற குழாய்க்காரருக்குச் சொந்த வீட்டு பாத்ரூமுக்கு நேரம் கிடைக்கவே இல்லை. அது பழைய குழாய்த் துண்டுகளும் வாளிகளும் போட்டுவைக்கிற கிடங்காக நாலு வருடமாகக் கிடந்தது.

ஒருநாள் கோபத்தில் அக்கா அதைக் கழுவ இறங்கினார். கோபம் வந்தால் எதையாவது கழுவுவது அவர் வழக்கம். ஒரு டைல் மேல் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. தேய்த்தார், போகவில்லை. வாளித் தண்ணீரை வாரி அடித்தார், அசையவில்லை. உற்றுப் பார்த்தார். டைல்ஸ் ஒட்டியவர் மெழுகுப் பென்சிலால், "இது கோணல், மாத்தணும்" என்று எழுதிவிட்டு, மாற்றாமலே போயிருக்கிறார்.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டார். சுவரைப் பார்த்தார். கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக, யாரோ அளந்து கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஒரு முழுச் சுவர். அதில் தண்ணீருக்குப் பயப்படாத எழுத்து.

"என்னங்க! இங்க வாங்க!"

குழாய்க்காரர் எதையோ உடைத்துவிட்டோமோ என்ற பயத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேயறைந்தவர் போல நின்றார். அபூர்வமாக வாயைத் திறந்தார். "கக்கூஸ்ல ஆபீஸா? ஆளுங்க என்ன சொல்வாங்க?"

"என்ன சொல்வாங்க? கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க. நல்ல பழக்கம்தானே?"

இரண்டே நாளில் ஆபீஸ் தயாரானது. மேசை வாங்கவில்லை, அலமாரி வாங்கவில்லை. சோப்புப் பெட்டியில் வாஷர்கள். டூத் பிரஷ் தாங்கியில் மெழுகுப் பென்சில்கள். துண்டு மாட்டும் கம்பியில் வீட்டுச் சாவிகளும் டேப் சுருளும். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஷேவிங் மிஷினுக்காக வைத்த பிளக்கில் போன் சார்ஜர். கம்மோடு மூடியின்மேல் ஒரு தலையணை. அதுதான் அக்காவின் இருக்கை. குழாய்க்காரர் எப்படி நனைந்து வந்தாலும் நேரே உள்ளே போய் நிற்கலாம். சொட்டுவதெல்லாம் தரை ஓட்டைக்குள் போய்விடும். உள்ளே தாழ்ப்பாள் உண்டு, டிவி சத்தம் வராது. எழுத்தை அழிக்கத் துணியில் ரெண்டு சொட்டு எண்ணெய் போதும்.

வாடிக்கையாளர் கூப்பிடுகிற போன் இனி அக்காவிடம். சுவரில் இடமிருந்து வலமாகக் கிழமைகள், மேலிருந்து கீழாக நேரம், ஒரு டைலுக்கு ஒரு வீடு. தெரு, எண், வாசலில் என்ன அடையாளம், கூப்பிட்டது யார், நாய் உண்டா, எல்லாம் எழுத வேண்டும். குழாய்க்காரருக்கு ஒரே ஒரு விதி: கதவைத் திறந்தது யார் என்று போனில் சொல்லி, அக்கா சரி என்ற பிறகுதான் சுத்தியலைத் தொட வேண்டும்.

பாத்ரூமில் பேசினால் குரல் எதிரொலிக்கும் அல்லவா, கூப்பிடுகிறவர்கள் சந்தேகமாகக் கேட்பார்கள். "நீங்க பாத்ரூம்லயா இருக்கீங்க?"

"ஆமாங்க, ஆபீஸ்லதான். சொல்லுங்க."

அவர்களும் குழாய் வேலைக்காரர் என்றால் அப்படித்தான் இருப்பார் என்று நம்பிக்கையோடு அடைப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

சேதி அண்ணனுக்கு எட்டாமல் இருக்குமா? ஒருநாள் காலையில் வந்தவர், செருப்பைக் கழற்றியதும், "எங்கே உன் ஹெட் ஆபீஸ்?" என்று கேட்டார். அக்கா கதவைத் திறந்து காட்டினார். தலையணை போட்ட கம்மோடின்மேல் தங்கை ராணி மாதிரி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே, நம்ம குடும்ப மானத்தை ஃபிளஷ் பண்ணிட்டியே!"

"அதுக்கு இன்னும் தண்ணி கனெக்‌ஷன் குடுக்கல அண்ணே" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. குழாய்க்காரர்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். போட்டிருக்கக் கூடாது.

"வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு வயசான அம்மா கதவைத் திறந்தாங்க. யாரையும் கூப்பிடலன்னு சொல்றாங்க."

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். அவர் முகம் பல்பு போட்ட மாதிரி பிரகாசமாகிவிட்டது. "தப்பு வீடு!" என்றார் மெதுவாக, இனிப்பைச் சுவைக்கிற மாதிரி. "குட்டி, நீதான் சொன்னே. போனா வரோம்னு."

அக்கா தலையணையைவிட்டு எழுந்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்த டைலில் தெருவும் எண்ணும் தெளிவாக இருந்தன. கீழே ஒரு படம்: வரிசையாகப் பல். பார்த்ததும் காலையில் வந்த போன் ஞாபகத்துக்கு வந்தது. பேசியது அந்த வீட்டு மருமகள். மாமியாரின் பல்செட்டு ஊறுகிற டம்ளரைக் கழுவும்போது, தண்ணீரோடு பல்லையும் சேர்த்துப் பின்கட்டு பாத்ரூமின் தரை ஓட்டைக்குள் கொட்டிவிட்டாள். ஓட்டையின் மூடியை அப்போதுதான் சுத்தம் செய்யக் கழற்றி வைத்திருந்தாள். மாமியார் தூங்கி எழுவதற்குள் எடுத்தாக வேண்டும், அவருக்குத் தெரியவே கூடாது என்று அழாத குறையாகச் சொன்னாள். தூங்க வேண்டிய மாமியார்தான் இப்போது எழுந்து கதவைத் திறந்திருக்கிறார்.

"என்னங்க, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த அம்மா வாயைப் பாருங்க."

"வாயையா?"

"பல்லு இருக்கா?"

 குழாய்க்காரரின் குரல் ரகசியமாக வந்தது. "ஒண்ணுகூட இல்ல."

"அப்ப வீடு சரி. மன்னிச்சுக்கங்க அம்மான்னு சொல்லிட்டுச் சுத்திப் பின்பக்கம் போங்க. மருமக அங்கதான் நிப்பாங்க. தரை ஓட்டையில தண்ணி தேங்கற வளைவு இருக்குல்ல, அதுக்குள்ளதான் இருக்கு. கடிச்சிடப்போவுது, பாத்து எடுங்க."

போனை வைத்துவிட்டு அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஈரம் காயாத தரையில் மெல்லச் சரிந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் அடக்க முடியாமல் சிரித்தார். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேர் சிரிப்பும் எதிரொலித்து நாலு பேர் சிரிப்பாகக் கேட்டது.

சிரித்து ஓய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "போன வாரம் என் ஆளுங்க ரெண்டு பேர் ஒரே வீட்டுக்குப் போயி, ஒருத்தன் அடைச்ச குழாயை இன்னொருத்தன் திறந்துட்டு வந்திருக்கான்" என்றார்.

"அப்படியா?" என்றார் அக்கா. ரேடியோவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை அங்கேயே... அதாவது இங்கேயே இருக்கட்டும். என் ஆளுங்க வேலைக்கும் ஒரு வரிசை ஒதுக்க முடியுமா குட்டி?"

"முடியும். ஆனா இந்த ஆபீஸ் நம்பருக்குத்தான் நீ கூப்பிடணும். மத்த கஸ்டமர் மாதிரி. சாப்பிடற நேரத்துல எடுக்க மாட்டேன். திரை நிறம் பத்திப் பேசினா வச்சிடுவேன்."

"சரி."

"நேரம் எழுதினது போக, கீழ் வரிசை மட்டும்தான் காலியா இருக்கு. குந்தி உட்கார்ந்தாத்தான் படிக்க முடியும்."

அண்ணன் ஒரு நொடி யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி மடக்கென்று சத்தம் போட, சுவரோரம் குந்தினார். அக்கா மெழுகுப் பென்சிலை நீட்டினார். அவர் முதல் கட்டத்தில் தன் முதல் வீட்டை எழுத ஆரம்பித்தார்.

வேலையை முடித்துவிட்டுக் குழாய்க்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். பல்செட்டு பத்திரமாக மருமகள் கைக்குப் போய், வெந்நீரில் பலமுறை குளித்து, மாமியாரின் தலையணைக்கு அடியில் படுத்துவிட்டதாம். இதைச் சொல்ல வந்தவர், பாத்ரூம் தரையில் குந்தியிருக்கும் மச்சானைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நல்ல வேலைக்காரருக்கு வருகிற உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"என்ன மச்சான், அடைப்பா?"

உங்களுக்குத் தெரிந்தவர்களில் எப்போதும் ஈரக் கையோடு வேலை செய்கிறவர் யாராவது இருந்தால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் மனைவிக்குச் சொன்னால் இன்னும் நல்லது.