நோலீனின் வியாழக்கிழமைகள்

வியாழக்கிழமைதோறும் நோலீன் எல்லை தாண்டிப் போய்ச் சூதாடுகிறாள் என்று முடிதிருத்தும் கடையில் யாரோ சொன்னதாக என் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள். டெக்சஸில் எங்கள் பக்கம் சூதாட்ட விடுதி கிடையாது. பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒன்று இருக்கிறது. பேச்சு நோலீன் காதுக்கும் எட்டியிருக்கிறது. மறுக்கவில்லை. ஞாயிறன்று தேவாலய வாசலில் யாராவது கண்ணடித்தால், "இந்த வாரமும் சல்லிக்காசு ஜெயிக்கலை" என்கிறாள். அது உண்மை. பொய் சொல்ல அவளுக்கு வராது.

வயது அறுபத்து நான்கு. இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இன்றும் தண்டவாளத்தைக் கண்டால், ரயிலே வராத துருப்பிடித்த தண்டவாளமானாலும், காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக் காது கொடுப்பாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "நீ முன்னாடி போய்ச் சாவு ராசா, நான் மெதுவா வர்றேன்."

வியாழக்கிழமைகளில் அவள் காரில் ஏற்றிச் செல்வது கருவைக் கலைக்கப் போகும் பெண்களை. டெக்சஸில் அதற்கு வழியில்லை, நியூ மெக்ஸிகோவில் உண்டு. போகிறவளைச் சட்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் அவளைக் காரில் கூட்டிப்போகிறவர் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று எங்கள் மாவட்டம் தீர்மானம் போட்டிருக்கிறது. அதற்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் ஓபல். பள்ளி அலுவலகத்தில் வேலை. தேவாலயப் பாடகர் குழுவில் நோலீனுக்குப் பக்கத்து நாற்காலி, முப்பது வருஷமாக. நோலீனிடமும் தாளை நீட்டியிருக்கிறாள். "நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்லைடி. கல்யாணத்துல போட்டதே போதும்" என்றாளாம் இவள்.

ஏறுகிறவளின் பெயரைக் கேட்பதில்லை. "தெரியாத பேரை எவனும் என் வாயிலேர்ந்து பிடுங்க முடியாது பாரு." எல்லோரும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

நான் அந்தக் காரில் ஏறியது தற்செயல். எல்லைக்கு அப்பால் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை. ஒரு வியாழக்கிழமை என் கார் பழுதாகி, அவளிடம் இடம் கேட்டேன். "வர்றதுன்னா வா. பின்னாடி உக்காரு, வாயைத் திறக்காதே" என்றாள். குடியுரிமைத் தாள் இன்னும் கைக்கு வராதவள் நான். வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே எழுதும் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

முன்னிருக்கையில் பல் மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும். ஒன்றரை மணிக்கு மருத்துவர் அவளைத் தொலைபேசியில் அழைப்பார். அப்போது அவள் நியூ மெக்ஸிகோ மண்ணில் இருக்க வேண்டும். பேசி முடித்ததும் அங்கேயே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். அந்த மருத்துவர் பத்து வாரம் வரைதான் கொடுப்பார். அவளுக்கு மறுநாள் பத்து முடிகிறது.

எல்லைக்கோட்டைத் தாண்டி, ஒரு தானியக் கிடங்கின் நிழலில் நோலீன் காரை நிறுத்தினாள். "இங்கதான் சிக்னல் நல்லா வரும்."

அந்தப் பெண்ணின் கைபேசி பன்னிரண்டு இருபது காட்டியது. "மிஸ் நோலீன், ஒரு மணி நேரம் லாபம்!" என்று சிரித்தாள். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. நியூ மெக்ஸிகோ நேரம் எங்களுக்கு ஒரு மணி பின்னால். அவள் ஒன்றரையை ஊர் நேரமாக நினைத்துவிட்டாள். மருத்துவர் அழைக்கும்போது ஊரில் இரண்டரை ஆகியிருக்கும். மூன்றேகாலுக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும். திரும்பிப் போகவே ஒரு மணி நேரம்.

"பள்ளிக்கூடத்துல கால் மணி பாப்பாங்க. அப்புறம் என் மாமியாருக்குப் போன் போட்டுருவாங்க, மிஸ் நோலீன். எங்கடி போனேன்னு மாமியார் கேப்பாங்க. வீட்டுக்காரருக்கே தெரியாது... திரும்பிப் போயிரலாம்."

"போயிட்டு? நாளைக்கு அப்புறம்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். அல்புகர்க்கி நகரத்துக்கு. ராத்திரி தங்கணும்." அவள் குரல் இறங்கியது. "என்னால முடியாது."

"வேற யாரும் குழந்தையைக் கூட்டிட்டு வரக்கூடாதா?" என்று நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"பள்ளிக்கூடப் பட்டியல்ல மாமியார் பேரு மட்டும்தான் இருக்கு."

நோலீன் தன் கைபேசியை எடுத்தாள். "மாமியாரைக் கூப்பிடாம, அஞ்சு மணி வரைக்கும் புள்ளையை அலுவலகத்துல உக்கார வச்சுக்க ஒரே ஆளாலதான் முடியும்" என்றாள். "ஓபல்."

"எங்க இருக்கேன்னு கேட்டா?" என்றேன்.

"கேட்டா சொல்லிருவேன்."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "கண்ணு, பாப்பா பேரு என்ன?"

"ப்ரின்லீ. ஒண்ணாங் கிளாஸ்."

நோலீன் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, கைபேசியை முன்பலகையில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. என்ஜின் அணைந்து நின்ற காரில் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நான்காவது மணி. ஐந்தாவது.