இழுத்துப் பார்க்கிறவர்

பாளையங்கோட்டை உரக்கடை அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வர் வைத்துக் கொடுத்திருந்தேன். எல்லாருக்கும் பொதுவாக ஒரே லாகின். மூன்று முறை தப்பான பாஸ்வேர்ட் கொடுத்தால் அது பூட்டிக்கொள்ளும். தினமும் காலையில் அது பூட்டியே கிடந்தது. பில் போட முடியாமல் லாரிகள் வாசலில் நின்றன. முதலாளி என்னைத்தான் ஏசினார்.

அங்கே கதவு பூட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, இடுப்பில் கனத்த சாவிக்கொத்து. எதைப் பூட்டினாலும் மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார்.

ஒரு சாயங்காலம் கூடவே இருந்து பார்த்தேன். பீரோ, ஜன்னல் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு சர்வர் முன்னால் வந்து நின்றார். கைக்கு வந்ததைத் தட்டி, எண்டரை அழுத்தினார். மூன்று தரம். திரையில் பூட்டுப் படம் வந்த பிறகுதான் கையை எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி செய்யுதீய?"

"இதுக்கும் பூட்டு போட்டிருக்கேன்னு நீங்கதான தம்பி சொன்னீய? பூட்டிருக்கான்னு இழுத்துப் பாக்கண்டாமா?"

வாதாடத் தோன்றவில்லை. மூன்று என்பதைப் பத்தாக மாற்றிவிட்டு, சாமர்த்தியம் செய்த நினைப்பில் மதுரைக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. பேசியவர் அவர்தான்.

"நீங்க போனதும் பூட்டு தொளதொளன்னு ஆயிட்டு தம்பி. மூணு இழுப்புக்குப் பிடிக்கல. நான் விடுவேனா? பத்தாவதுலதான் பிடிச்சுது."

அடுத்த தடவை போனபோது அவருக்கென்று தனியாக ஒரு லாகின் செய்து கொடுத்தேன். அதற்குள் ஒன்றுமே கிடையாது. ஒரு நாள் விடாமல் அதைப் பூட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார்.