மைக்கில் கொடுத்த கிட்னி

பாறசாலையில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதும் ஸ்ரீகலாவுக்கு வாய்ச்சொல் என்றாலே இளக்காரம். அண்ணன் தருவான், மாமா தருவார் என்று வருகிறவர்களை, முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று இருபது வருஷமாகத் திருப்பி அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவள், கூடப்பிறந்த தம்பி மைக் பிடித்துச் சொன்னதை நம்பினாள். இதைவிட மடத்தனம் உண்டா என்று இன்றைக்கும் தன்னைத்தானே ஏசிக்கொள்கிறாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ் என்று ஆன புதிது. மாமாவின் அறுபதாம் கல்யாணப் பந்தலில் தம்பி அனில்குமார் மைக்கைப் பிடித்து, தன் கிட்னி ஒன்று அக்காவுக்கு என்று அறிவித்தான். கைதட்டு அடங்கவே நேரமானது. பனச்சமூட்டில் டைல்ஸ் கடை வைத்திருந்தவன் அன்றிலிருந்து தியாகி ஆகிவிட்டான். கோயில் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி. ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னால், அக்காவுக்காக உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பான். கொடுக்காத கிட்னிக்கு அத்தனை பவிசு.

பரிசோதனைக்குத் தேதி குறித்தால் மட்டும் ஏதாவது குறுக்கே வந்துவிடும். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மகளுக்குப் பரீட்சை என்றான். ஒரு தடவை பல் பிடுங்கியிருந்தான். பல்லுக்கும் கிட்னிக்கும் என்னடா சம்பந்தம் என்று ஸ்ரீகலா கேட்கவில்லை. கேட்டால் தருகிறவன் மனசு கோணிவிடுமோ என்று பயம். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிகிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் இரண்டு முறை கேட்டார்கள். எனக்குத் தம்பி இருக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். மாத்திரையும் சாயாவும் அதற்குள்தான். டயாலிசிஸ் அன்று கட்டிலோடு கட்டில். மறுநாள் நாக்கு அண்ணத்தில் ஒட்ட, யாரோ ஒருவருடைய நிலத்துக்கு நாலெல்லை எழுதிக்கொண்டிருப்பாள். இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில், பூவார்க்காரர் ஈசாக். அவளுக்கு ஒரு வருஷம் பின்னால் வந்தவர், வந்த வாரமே பெயரைப் பதிந்தவர். ஒருநாள் கிட்னி கிடைத்திருக்கிறது என்று அவருக்குப் போன் வந்தது, போனார். சில மாதம் கழித்து முகக்கவசத்தோடு அவளைப் பார்க்க வந்தவர், டாக்டர் தினமும் மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறார், முடியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். ஸ்ரீகலாவுக்கு அவர்மேல் பொறாமை வரவில்லை. தம்பியை நினைத்து அருவருப்புதான் வந்தது. மறுநாளே போய்ப் பெயரைப் பதிந்தாள். அவளுடைய ரத்தப் பிரிவில் முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

சேதி தெரிந்து அனில்குமார் ஒரு குலை இளநீரோடு வந்து சேர்ந்தான். கிட்னி போனவளுக்கு இளநீர் விஷம் என்பதைக்கூட இத்தனை நாளில் தெரிந்துகொள்ளாத தியாகி. அவன் முகத்தில் நிம்மதி வழிந்தது. பரிசோதனையில் பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்னதாக ஊரில் சொல்லிவிடச் சொன்னான்.

"நாலு பேரு கேக்கும்போ எனக்கு நாணக்கேடாக்கும் அக்கா."

ஸ்ரீகலா அவனை உட்காரச் சொல்லவில்லை.

"எலே அனிலே, பயம் எல்லாருக்கும் உண்டு, அது தப்பில்ல. தரமாட்டேன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே நான் பேரு பதிஞ்சிருப்பேன். அந்த ஒரு வார்த்தையக்கூடத் தராத நீயாக்கும் எனக்குக் கிட்னி தரப்போனது."