தெருமுனையில் காத்து நின்றவர்

செய்தி என் கை வழியாகத்தான் போனது. தொழிற்சாலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அன்று காலை நான் தனியாக இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய ஒருவர் மெஷின் ஷாப் ஃபோர்மேன் வேண்டும் என்றார். என்ன விஷயம் என்று கேட்பது ஆபரேட்டருக்கு அழகல்ல. நான் கேட்கவும் இல்லை. அவராகவே சொன்னார், உங்கள் ஃபிட்டர் ராஜமாணிக்கம் விடியற்காலையில் போய்விட்டார் என்று. ஃபோர்மேனுக்கு இணைப்பைக் கொடுத்தேன். அதன்பிறகு போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. இத்தனை வருஷ வேலையில் கூப்பிட்டவர்களை நான் காக்கவைத்தது அன்று ஒருநாள்தான்.

ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று முந்தின நாள்தான் சேர்த்திருக்கிறார்கள். நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் தயங்கினேன். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி முடிப்பதுதான் நம் வழக்கம். ராஜமாணிக்கம் அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் ஒரு கெட்டதிலிருந்து தொடங்குகிறது. அவர் மனைவி சரோஜா அக்காவிடமே போய்க் கேட்டேன். நெற்றியில் பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுது கோமதி. அவர் குடிச்சத எழுதாம, நிறுத்தினத எப்படி எழுதுவே?"

அதனால் எழுதுகிறேன். நம்மில் இளையவர்களுக்கு அவரைக் குடிக்காத மனிதராகத்தான் தெரியும். சங்கத்தின் பொங்கல் விழாவில் பெரிய கரண்டியோடு அண்டாவின் பக்கத்தில் நிற்பவராகத் தெரியும். நான் சொல்வது எழுபதுகளின் நடுவில், அல்வாலில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டிருந்த காலம்.

அல்வாலிலிருந்து தொழிற்சாலை இருக்கும் காஞ்சன்பாக் பக்கம் போக அப்போது ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். தொழிற்சாலை பஸ் இல்லையென்றால் நாங்கள் யாரும் வேலை பார்த்திருக்க முடியாது. அந்த பஸ்ஸுக்கு எழுதப்படாத சட்டங்கள் உண்டு. முன்பக்கம் பெண்கள், நடுவில் சீட்டாட்டம், கடைசி வரிசை கள்ளு காம்பவுண்டுக்காரர்களுக்கு. சாயங்காலம் திரும்பி வரும்போது அல்வாலுக்கு முன்னால் சாலையோரத்தில் கள்ளு விற்கிற காம்பவுண்ட் ஒன்று இருந்தது. அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனால் யாரும் மணியடிக்காமலே டிரைவர் வேகத்தைக் குறைப்பார். கடைசி வரிசை இறங்கும். அதில் முதலில் இறங்குபவர் ராஜமாணிக்கம் அண்ணன். அவர் வீடு வந்து சேர ஏழரை, எட்டு ஆகும்.

அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் அவர் மகள் விஜி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற குழந்தை. புத்தகப் பையோடு வந்து என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் கொஞ்சம் உரக்கப் படிப்பாள். எல்லாம் அடங்கிய பிறகு சரோஜா அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் கேட்டால் இன்னொருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

ஒரு நாள் அவர் அந்த இடத்தில் இறங்கவில்லை. பஸ் வேகம் குறைந்தது, மற்றவர்கள் இறங்கினார்கள், அவர் சீட்டிலேயே இருந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாணிக்கம் சாப், ஆப்கா ஸ்டாப் ஆகயா!" என்று கூவினார். அவரைப் பொறுத்தவரை அதுதான் அண்ணனின் ஸ்டாப்.

"நக்கோ பாய். சலோ," என்றார் அண்ணன், வேண்டாம், வண்டியை எடு என்று.

சீட்டாட்டம் நின்றது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் ஜன்னல் வழியே சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் நிறுத்தினார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார். கல்லீரல் என்றார், டாக்டர் என்றார். கடைசி வரிசை நண்பர்களுக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்து ஒரு மனிதன் குடிக்காமலிருப்பது சபரிமலைக்கு மாலை போடும்போது மட்டும்தான். சட்டைக் காலருக்குள் எட்டிப் பார்த்து, "மாலை எங்க மாணிக்கம்?" என்று கேட்டார்கள். "மாலை போட்டா ஒரு நாள் கழட்டணும். அதான் போடல," என்றார். ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ் அவருடையது. அவர் அப்பா இங்கே ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்த பேச்சு. அதில் ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று இந்த ஊர் உருதும் கலந்து வரும்.

உண்மைக் காரணத்தை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். தேர்தலுக்காகக் கடைகளை மூடியிருந்த ஒரு சாயங்காலம், போக இடமில்லாமல் நேராக வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த விஜி அவரைப் பார்த்தாள்.

"அழல, ஓடலம்மா. மழ வந்தா கொடியில கீற துணிய எடுத்துக்கினு போவாங்களே, அந்த மாதிரி புஸ்தகத்த வாரிக்கினு உங்க வூட்டுக்குப் போனா. அன்னிக்கி நான் ஒரு சொட்டுகூட குடிக்கல. அது அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நிறுத்திய முதல் வாரத்தில் நம் தெரு ஒரு காரியம் செய்தது. வெளிச்சம் இருக்கும்போதே ராஜமாணிக்கம் வீடு திரும்புகிறார் என்றால் ஒன்று வேலை போயிருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய நோய் வந்திருக்க வேண்டும் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. வேலைக்குத்தான் தினமும் போகிறாரே! அப்படியானால் நோய்தான். ஒவ்வொருவராக மோசம்பியும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு உடம்பு விசாரிக்க வந்தார்கள். சரோஜா அக்கா பழத்தை வாங்கி வாங்கி உள்ளே வைத்தார். அண்ணன் எல்லோருக்கும் நாற்காலி போட்டார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் என்னிடம், "சீக்கா இருந்தப்போ ஒருத்தரும் வர்ல. தேறினதும் பழம் எடுத்துக்கினு வராங்கோ," என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நிறுத்துவது அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. ஒரு சாயங்காலம் காம்பவுண்ட் அருகே பஸ் வேகம் குறைந்தபோது அவர் எழுந்துவிட்டார். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் மறுபடி வேகம் எடுத்ததும் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. இறங்கி நடக்கும்போது, "நான் எழுந்திருக்கலம்மா. கால் தானா எழுந்திருச்சி. காலுக்கு இன்னும் சேதி போகல போல," என்றார். மறுநாளிலிருந்து கடைசி வரிசையை விட்டு முன்பக்கம் வந்து, எங்களுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தார். ஆண் ஒருவர் அங்கே உட்காரக் கூடாது என்று எந்தப் பெண்ணும் சொல்லவில்லை.

ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடக்கிற அந்தச் சின்ன தூரத்தில்தான் அவரை எனக்குத் தெரியவந்தது. வெளியூர் போய் வந்தவர் சேதி சொல்வதுபோல, தினமும் எனக்கு ஒரு சேதி வைத்திருப்பார். ரசத்தில் உப்பு குறைவு என்று நாக்குக்குத் தெரிந்தது ஒரு நாள். பல் விளக்கும்போது குமட்டல் வராதது ஒரு நாள். முன்பெல்லாம் அவர் மோவாயில் வெட்டுக்காயத்தின் மேல் செய்தித்தாள் துணுக்கு ஒட்டியிருக்கும், ஒரு நாள் மழமழவென்ற கன்னத்தைத் திருப்பிக் காட்டி, "பார்த்தியா?" என்றார். இன்னொரு நாள் தெருவின் நடுவில் நின்று, "இந்த வேப்பமரத்த எப்ப வச்சாங்க?" என்று கேட்டார். நாங்கள் குடிவரும் முன்பிருந்தே நிற்கிற மரம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: "ஞாயித்துக்கெழமன்னு ஒண்ணு கீதும்மா. காலைலருந்து சாயந்தரம் வரைக்கும் முழுசா கீது."

ஒரு நாள் அவர் கொஞ்சம் கர்வத்தோடு வந்தார். சரோஜா அக்கா அவரைத் திட்டிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முற்றின வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார், அக்கா காயை ஒடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நிற்பதுதான் அந்த வீட்டுப் பழக்கம். "என்னைத் திட்டிட்டாம்மா. நல்லா திட்டிட்டா," என்று மெஷின் ஷாப்பில் விருது வாங்கியவர் மாதிரி சொன்னார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் விஜி மாறவில்லை. அப்பா ஏழரைக்குப் பதில் ஆறு மணிக்கே வருகிறார் என்றதும், அவள் ஆறு மணிக்கே எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் புத்தகப் பையை எடுத்துவிடுவாள். எங்கள் வாசலில் நின்று, "பஸ் ஒச்சிந்தி," பஸ் வந்துவிட்டது என்று என் அம்மாவிடம் தெலுங்கில் அறிவிப்பாள். நான் அவளுக்குப் புத்தி சொல்லலாமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நக்கோம்மா. நீ ஒண்ணும் சொல்லாத. போன்னு யாரும் அவளுக்குச் சொல்லல, தானா போனா. வரணும்னாலும் தானா வரட்டும்."

அன்றிலிருந்து தெருமுனை வந்ததும் அவர் நின்றுவிடுவார். "நீ முன்னால போம்மா. பாப்பா போய்ச் சேரட்டும்," என்பார். குழந்தை அவசரப்பட்டுத் தடுக்கி விழக் கூடாது, எதிரே தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று, அவள் தன் வீட்டை விட்டுப் போவதற்கு நேரம் கொடுத்துக்கொண்டு அங்கே நிற்பார். கையில் டிபன் கேரியர். வேலை முடிந்து வந்த களைப்பு. போவோர் வருவோர், "க்யா மாணிக்கம் பாய், வூட்டுக்குப் போவலையா?" என்பார்கள். "ஹவ், போறேன் போறேன்," என்பார். விஜி எங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அந்த மனிதர் தன் வீட்டுக்கு நடப்பார். வெயில் காலம் முழுக்க அப்படி நின்றார். எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. இந்தக் குட்டிக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளியிருக்கிறேன். அம்மா, "பட்டது அவதானேடி," என்பாள்.

விஜிக்கு இப்போது கல்யாணமாகி, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இருக்கிறாள். காரியத்தன்று அவளும் நானும் சமையலறையில் தனியாக இருந்தபோது அவள் சொன்னாள்: "அத்தை, நான் ஜன்னல்ல பார்த்துட்டுதான் கிளம்புவேன். அப்பா முனைல நிப்பாரு. டெய்லி பார்ப்பேன். இன்னிக்கு நிக்காம வந்துடுவாரோன்னு பார்ப்பேன். ஒரு நாள்கூட வரல." இதைச் சொல்லும்போது அவள் தமிழில்தான் பேசினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம். வழக்கம்போல அவர் தெருமுனையில் நின்றுவிட்டார், நான் முன்னால் வந்தேன். எங்கள் வீட்டில் விஜி இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, யாரும் வெளியே வரவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குழந்தை இன்னும் கிளம்பவில்லை என்று நினைத்து அவர் நனைந்துகொண்டே நின்றார். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து விஜி படியில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"அப்பா! அக்கட எந்துக்கு நில்ச்சுன்னாவு? தடிசிபோத்தாவு! ரா!"

அங்கே ஏன் நிற்கிறாய், நனைந்துவிடுவாய், வா என்று. அவர் உடனே நடக்கவில்லை. டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக, புதுமனைக்குள் நுழைகிறவரைப் போல நடந்து வந்து, என்னைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

உள்ளே விஜிக்காக அம்மா தட்டில் பொரியும் கடலையும் எடுத்து வைத்திருந்தாள். "குழந்தை வரலையேடி?" என்றாள். "இல்லம்மா, இனிமே வரமாட்டா," என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனாலும் அத்தனை நாளும் அந்தக் குழந்தை உட்கார்ந்து படித்த இடம் காலியாக இருந்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. ராஜமாணிக்கம் அண்ணனிடமிருந்து நான் என்ன வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டால், அந்தச் சாயங்காலத்தை என்பேன். விஜி எங்கள் வீட்டுக்கு வராத முதல் சாயங்காலம் அது.