அட்டையில் மூன்று பேர்

2023 ஜூன் 14, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்து மோட்டார் போட்டேன். ஏழு மணிக்கு அம்மா இட்லி வைத்தார், நான்கு சாப்பிட்டேன். அலுவலகத்துக்கு விடுப்பு. ஒன்பதரைக்கு உத்தமபாளையத்தில் எங்கள் தெரு ரேஷன் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர்.

விரலை வைத்ததும் விற்பனையாளர், அட்டையில் மூன்று பேர்தான் என்றார். நான், மனைவி, மகள். அம்மாவின் பெயர் இல்லை. இறந்தவர்களையும் கட்டிக்கொடுத்த பெண்களையும்தான் அட்டையிலிருந்து நீக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். ஏதோ தவறு, மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

"தப்பு இல்ல சார். அவுகளே எழுதிக் குடுத்து எடுத்திருக்காக."

வீட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன். நிமிராமலே சொன்னார்: தேனி பக்கம் பழனிசெட்டிபட்டியில் வீடு பிடித்தாகிவிட்டது, நாளைக்குப் பால் காய்ச்சுகிறோம், நானும் உன் பெரியம்மாவும்.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. எனக்கு ஒன்பது வயதில், யார் முதலில் உலை வைப்பது என்று இருவருக்கும் மூண்ட சண்டையில்தான் எங்கள் கூட்டுக்குடும்பம் உடைந்தது. வீட்டின் நடுவே சுவர் எழுப்பினார்கள்; பிறகு அவர்கள் வேறு ஊருக்கே போய்விட்டார்கள். என் கல்யாணத்துக்குக்கூடப் பெரியம்மா வரவில்லை. இப்போது இருவருக்கும் கணவர் இல்லை. இரண்டு வருடமாகத் தினமும் மதியம் போனில் பேசிக்கொள்கிறார்களாம். அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருப்பேன்.

"இங்கன என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்லடா. மருமகளும் தங்கமானவ. ஆனா இவகிட்ட நான் பாத்துப் பாத்துல்ல பேச வேண்டியிருக்கு. அங்கன வாய்க்கு வந்தபடி சண்டை போடலாம்."

அடுக்களையிலிருந்து மனைவி சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்ததே அவள்தான். தினமும் எழுதுகிற என் குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊர் என்ன சொல்லும் என்றேன். மகன் வீட்டில் இருக்கும்போது தாய் தனிக்குடித்தனம் போவதை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்றேன். அம்மா கீரைக்காம்புகளை முறத்தில் ஒதுக்கினார்.

"கல்யாணமான புதுசுல நீ தேனிக்குத் தனியாப் போனப்ப நான் ஊரக் கேட்டா பால் காய்ச்சிக் குடுத்தேன்? நாளைக்கு நீ வந்து காய்ச்சு."

புது அட்டையில் யார் குடும்பத் தலைவி என்று கேட்டேன்.

"அவுகதான். மூத்தவுகளாச்சே. அதுக்கே நாலு நாள் சண்டை."

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அன்று முழுவதும் அம்மாவும் மறுபடி கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை, மோட்டார்கூடப் போடாமல், முதல் வேலையாகப் பால்காரரிடம் போய் வழக்கமான ஒரு லிட்டரோடு அரை லிட்டர் தனித் தூக்கில் வாங்கினேன்.