மே ஒன்றில் பிறந்த ராஜவேல்

ஒன்பது மணி ஆபீசுக்கு ஒன்பது மணிக்கே வருகிற ஒரே ஆள் ராஜவேல் அண்ணாச்சிதான். வந்ததும் சாப்பாட்டுப் பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, வாட்டர் கூலருக்குப் பக்கத்திலிருந்த கரும்பலகையில் அன்றைய நாளின் விசேஷத்தை எழுதுவார். மேலே இந்தி, கீழே இங்கிலீஷ். யாரும் கொடுத்த வேலை இல்லை. எழுதாதே என்று சொல்லவும் யாருக்கும் தெம்பில்லை.

ஆகஸ்ட் 13 இடது கைக்காரர்கள் தினம். அன்று எங்கள் இடது கை டைப்பிஸ்ட் வர்மாவுக்கு ஒரு சமோசா உறுதி. டிசம்பர் 12, டெல்லிதான் இனித் தலைநகரம் என்று வெள்ளைக்கார ராஜா அறிவித்த நாள். "அந்த மனுஷன் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா நாமெல்லாம் இந்தக் குளிர்ல கெடந்து நடுங்க வேண்டாம் வே" என்பார். செப்டம்பர் 14 ஆபீசுக்கெல்லாம் இந்தி தினம். அவருக்கோ, 1752-இல் இங்கிலாந்துக்காரர்கள் காலண்டரிலிருந்து பதினோரு நாளைத் தூக்கிவிட்டு, இரண்டாம் தேதி படுத்துப் பதினான்காம் தேதி எழுந்த நாள். இந்தி ஆபீசர் பாராட்டு விழாவில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் காதில் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்து, எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அவர் பிறந்த நாள் மே ஒன்று. அதில் அவருக்குத் தனிப் பெருமை. "உலகத்துல உழைக்கிறவனுக்கெல்லாம் இன்னைக்கு லீவு. எனக்கு மட்டும் டூட்டி." எங்கள் ஆபீசுக்கு அன்று விடுமுறை கிடையாது.

கோவில்பட்டிக்காரர். 1963-இல் டெல்லிக்கு வந்தவர். நிர்வாகப் பிரிவில் என் பக்கத்து மேஜையில் இருபத்திரண்டு வருடம் இருந்தார். சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த தேதி தப்பு, மாற்றிக்கொடுங்கள் என்று வருகிற மனுக்களைப் பார்ப்பதுதான் அவருக்கு ஒதுக்கிய வேலை. வேலையில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் கேட்டால் மாற்றலாம், அதற்குப் பிறகு கேட்டால் இல்லை. ஓய்வு நெருங்கும்போதுதான் ஆட்களுக்குத் தாங்கள் பிறந்த நாள் சரியாக ஞாபகம் வரும். ஆகவே எல்லோருக்கும் இல்லைதான். மனு வந்த ஒரே வாரத்தில் பதில் போய்விடும். அவர் மேஜையில் எதுவும் எட்டு நாள் தங்கி நான் பார்த்ததில்லை.

மாதத்தில் எந்தத் தேதியில் பிறந்தாலும் அந்த மாதக் கடைசியில் ஓய்வு என்பது சட்டம். முதல் தேதியில் பிறந்தவனுக்கு மட்டும் முந்தின மாதக் கடைசியிலேயே கதை முடிந்துவிடும். அப்படி 1998 ஏப்ரல் 30 அன்று அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்ததாகக் கணக்காகி, மாலை போட்டு, சால்வை போர்த்தி, குலாப் ஜாமூன் கொடுத்து அனுப்பினோம்.

மே 13 அன்று உத்தரவு வந்தது. ஓய்வு வயது இனி அறுபது. மே மாதக் கடைசியில் போக இருந்தவர்கள் முதல் எல்லோருக்கும் இரண்டு வருடம் கூட. பொக்ரானில் இரண்டாவது தடவை அணுகுண்டு வெடித்ததும் அதே நாள்தான். எங்கள் ஆபீசில் ஒருவன்கூடக் குண்டைப் பற்றிப் பேசவில்லை. நான் ஜூன் பத்தில் பிறந்தவன். அண்ணாச்சிக்கு நாற்பது நாள் இளையவன், எனக்குக் கிடைத்தது. அவர் மே இரண்டில் பிறந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும். நான் அன்று சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகவும் இருந்தது.

அவருக்குப் பதவி பெரிதில்லை. நேதாஜி நகர் அரசு குவார்ட்டர்ஸ்தான் பெரிது. ஓய்வுக்குப் பிறகு நாலு மாதம் இருக்கலாம், கெஞ்சினால் டிசம்பர் வரை இழுக்கலாம். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண் பிரியதர்ஷினி அந்த வருடம்தான் பிளஸ் டூ. பரீட்சை மார்ச்சில். பென்ஷனில் டெல்லி வாடகை கட்டுப்படியாகாது. நடுவில் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனால், தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்ணுக்கு வருடம் போய்விடும்.

அவர் மனைவி காந்திமதி அக்காதான் பெட்டியிலிருந்து ஜாதகத்தை எடுத்தவர். விக்ரம வருஷம் சித்திரை 19, புதன்கிழமை, சூரிய உதயத்திலிருந்து ஐம்பத்து மூன்று நாழிகை. நம் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். பின்னிரவு மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளையை அவர் அப்பா புதன்கிழமைக் கணக்கிலேயே வைத்துப் பள்ளிக்கூடத்தில் மே ஒன்று என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரன் கணக்கில் நள்ளிரவோடு வியாழன் பிறந்துவிட்டது, அது மே இரண்டு.

மனு எழுத அண்ணாச்சி ஒரு வாரம் மறுத்தார். அக்கா விடவில்லை. மே மாதக் கடைசியில் மனு வந்து சேர்ந்தது என் மேஜையில். அவர் பார்த்துவந்த வேலையை எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை வரவில்லை. இல்லை என்று பதில் போய்விட்டால் டிசம்பரைத் தாண்டிக் குவார்ட்டர்ஸில் இருக்க விடமாட்டார்கள். பதில் போகாதவரை, குவார்ட்டர்ஸ் ஆபீசிலிருந்து கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் போதும். ஒரு குமாஸ்தா செய்யக்கூடிய உபகாரம் இவ்வளவுதான். பைலை டிராயரில் வைத்தேன். ஜூன் போயிற்று, தீபாவளியும் போயிற்று. செக்‌ஷன் ஆபீசர் கேட்டால் ஜாதகத்துக்கு இந்தி மொழிபெயர்ப்பு வரவில்லை என்பேன். தினமும் டிராயரைத் திறக்கும்போது உறுத்தலாக இருக்கும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கப் போனால், அண்ணாச்சி எதிரே வந்துவிடக் கூடாதே என்று கடை மாற்றிப் போவேன்.

டிசம்பரில் அவரே வந்தார். பனிமூட்டத்தில் பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்து வந்திருந்தார். மப்ளரை அவிழ்க்காமல் எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அது எனக்குப் புரியவில்லை.

"வேணு, நான் அவசரப்படுத்த வரல. எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு மட்டும் சொல்லும்."

"எது அண்ணாச்சி?"

"நம்ம பைலுதான் வே. ஏழு மாசம் ஆச்சு. இல்லைன்னா ஒரு வாரத்துல இல்லைன்னு வந்திருக்கும். நான் முப்பது வருசமா அப்படித்தான அனுப்பியிருக்கேன்? இவ்வளவு நாள் ஆகுதுன்னா மேல எங்கயோ நல்லபடியா யோசிக்காங்கன்னுதான அர்த்தம்? காந்திமதி தெனமும் தபால்காரனைப் பாத்து நிக்கா. நான் முதல்ல நம்பல. இப்ப எனக்கே ஒரு நம்பிக்கை வந்துட்டு. மந்திரி ஆபீசுக்குப் போயிருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். எதிரே இருந்தது அவர் என்பதால் முடியவில்லை. டிராயரை இழுத்தேன். மேலாக அவருடைய பைல். அவர் கட்டி அனுப்பிய நாடா, அவர் போட்ட முடிச்சு, அப்படியே இருந்தது.

"பிரியா பரீட்சை முடியட்டும்னு வச்சிருக்கேன் அண்ணாச்சி. வேற ஒண்ணும் இல்லை."

அவர் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மப்ளரை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"அச்சா. மார்ச் வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். வீட்ல மேல போயிருக்குன்னே சொல்லிக்கிடுதேன்" என்றார்.

டிராயரை அவரே மூடினார்.